காட்சியும் கடையும்

1851-இல் தோன்றிய சென்னை அரசினர் காட்சிச்சாலைக்கு நகரத்து மக்கள் ‘செத்த காலேஜ்’ என்று பெயர் சூட்டினார்கள். விலங்குகளை வளர்த்த இடம் ‘உயிர்க் காலேஜ்’ ஆயிற்று. வேடிக்கையாகப் பிறந்த பெயர்தான் என்றாலும் அதில் ஒரு விமரிசனம் உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் பானையைக் காண்கிறோம். வனைந்த கையைக் காண்பதில்லை.

அக்குறையைப் போக்க முயன்றவர்களுள் ஸ்வீடன் நாட்டு ஆர்தர் ஹசேலியஸ் முக்கியமானவர். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தி, 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலையை அவர் தொடங்கினார்.

நம் பக்கத்திலும் அத்தகையது ஒன்று உண்டு. நாவலூரிலிருந்து தெற்கே கேளம்பாக்கம் சென்று, கிழக்கே கோவளத்துக்குத் திரும்பினால், சற்று வடக்கே முட்டுக்காடு. அங்கே 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது தக்ஷிணசித்ரா. 1984-இல் நிறுவப்பட்ட சென்னைக் கைவினை அறக்கட்டளையின் பணி இது. அதனைத் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன். கட்டடங்களுக்கு வடிவம் தந்தவர் லாரி பேக்கர்.

இவ்வளாகத்தின் செட்டிநாட்டு வீடு சிந்தனைக்குரியது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் செட்டிநாட்டு மாளிகைகள் பல இடிக்கப்பட்டன; தேக்குத் தூண்களும் செதுக்கிய கதவுகளும் பழம்பொருள் சந்தையில் தனித்தனியே விலைபோயின. வணிகத்தால் எழுந்த வீடுகளை வணிகமே பிரித்து விற்றது! அவ்வாறு சிதறியிருக்க வேண்டிய தூண்களும் கதவுகளும் இங்கே மீண்டும் ஒரு வீடாகக் கூடி நிற்கின்றன.

அதே வளாகத்தில் கைவினைப் பொருள்களுக்குக் கடைத்தெருவும் இருக்கிறது. கல்விக்கூடத்தில் கடை எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்கள் அங்குள்ள காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டைப் பார்க்கட்டும். நெசவாளருக்குத் தறி நிற்கும் இடமே குடும்பம் வாழும் இடம். சேலை விற்றால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் மகன் அத்தொழிலைக் கற்பான். விற்பனையை நீக்கிவிட்டுக் கைத்தொழிலை மட்டும் காட்டுவது பாதி உண்மையே ஆகும். தறியைக் கண்ட பின் கடைக்கு வருகிற மாணவன், விலையைக் கேட்டு வியப்படைய மாட்டான். ஆகவே இத்தகைய இடத்தை வகுப்போர் தறியை முன்னும் கடையைப் பின்னும் வைப்பதே முறை என்பது என் கருத்து.

ஆனால் வாங்குவோர் விரும்புவது பெரும்பாலும் கைப்பைக்குள் அடங்கும் பொருளையே. வளாகத்தில் ஐயனாரின் சுடுமண் குதிரைகள் நிற்கின்றன. அவற்றை யார் தூக்கிச் செல்வார்? கடையின் தேவை ஒன்றே வழிகாட்டுமாயின், ஆளுயரக் குதிரை செய்யத் தெரிந்த குயவர் மேசைக் குதிரைகளையே செய்துகொண்டிருப்பார்; பெரிய குதிரையின் உள்ளே களிமண்ணை எப்படி அடுக்கி எழுப்புவது என்பதை அவர் மகன் கேட்கவும் மாட்டான்.