பார்க்கிங்கில் கிடக்கும் பழைய நாற்காலி

மாதக் கடைசிக்குள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் உள்ள பழைய சாமான்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று சங்கம் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். கொசுவுக்கும் தீ விபத்துக்கும் பயந்து எடுத்த முடிவு. கமிட்டியில் நானும் கை தூக்கினேன். ஆனால் காயலான் கடை வண்டியைக் கூப்பிடும் முன் ஐந்து நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

சண்டிகரில் நடந்த கதை இது. 1951ல் அந்தப் புது நகரத்தைக் கட்ட லெ கார்பூசியே வந்தார். கூட வந்த அவருடைய உறவினர் பியர் ஜான்னரே 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். அலுவலகங்கள், பல்கலைக்கழகம், நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி, மேசை, அலமாரி தேவைப்பட்டன. தேக்கிலும் ஷீஷம் மரத்திலும் உள்ளூர்த் தச்சர்களே செய்யக்கூடிய எளிய வடிவங்கள் உருவாயின. கவிழ்த்துப் போட்ட 'வி' எழுத்து மாதிரி கால்கள், பிரம்புப் பின்னல் இருக்கை. படத்தைப் பார்த்தால் 'அட, இது நம்ம தாலுகா ஆபீஸ் நாற்காலி மாதிரி இருக்கே' என்பீர்கள்.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிரம்பு கிழிந்ததும் மொட்டை மாடியிலும் படிக்கட்டுக்கு அடியிலும் குவித்தார்கள். பிறகு கழிவுச் சாமானாக ஏலம் விட்டார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்ப் பழுது பார்த்தார்கள். அதே நாற்காலிகள் பாரிஸிலும் லண்டனிலும் லட்சக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போயின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தத் துறைக்குச் சொந்தம் என்று குமாஸ்தாக்கள் பின்புறம் பெயிண்டில் எழுதிய எழுத்தும் எண்ணும்தான் இன்று அவை அசல் என்பதற்குச் சாட்சி. சுத்தம் செய்கிறேன் என்று அதைச் சுரண்டினால் விலை போச்சு!

சட்டம் தடுக்கவில்லையா? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, மரச்சாமான் தொல்பொருள் ஆக 100 வயது ஆக வேண்டும். ஐம்பதுகளின் நாற்காலிக்கு அந்த வயது இல்லை. 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குள் எத்தனையோ கப்பல் ஏறிவிட்டன. செட்டிநாட்டுத் தூணையும் கதவையும் பழையது என்று எல்லோருக்கும் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கேட்டால் விலை சொல்வார்கள். நம் அப்பா அம்மா காலத்துச் சாமான் அப்படி இல்லை. பொக்கிஷம் என்று சொல்ல வயது போதவில்லை, கூடத்தில் போட நமக்கு வெட்கம். அதனால்தான் அது முதலில் அழிகிறது.

அதே ஐம்பதுகளில் இத்தாலியில் நடந்ததும் பெரிய வித்தியாசம் இல்லை. போர் முடிந்திருந்தது, மிலான் பக்கத்துச் சிற்றூர்களில் கைதேர்ந்த தச்சர்கள் இருந்தார்கள். கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுக்க, அவர்கள் இழைத்தார்கள். ஜியோ பொன்ட்டி வரைந்து, 1957ல் கசினா நிறுவனம் வெளியிட்ட பிரம்பு இருக்கை நாற்காலியின் எடை 1.7 கிலோ, ஒரு விரலில் தூக்கிவிடலாம். அந்தக் காலத்து இத்தாலிய அலமாரிகளையும் நாற்காலிகளையும் உலகமே இன்று தேடிச் சேகரிக்கிறது. அதே கசினாதான் இப்போது ஜான்னரேயின் சண்டிகர் நாற்காலிகளைப் புதிதாகச் செய்து விற்கிறது. நாம் மாடியில் போட்டது இத்தாலியில் ஷோரூமில் நிற்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1931ல் தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937ல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே இடம் மாறியது. ரயில்வே, கல்லூரி, விமானப்படை, பல்லாவரம் கன்டோன்மென்ட் என்று சம்பளக்காரக் குடும்பங்கள் குடியேறின. தேக்கு ஈஸி சேர், கண்ணாடிக் கதவு புத்தக அலமாரி, ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோ எல்லாம் வந்தன. (அலமாரி, மேசை, சாவி, ஏன், ஏலம்கூட போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள். நாற்காலியும் கட்டிலும்தான் நம்முடையவை.) தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டியபோது அவற்றுக்கு லிப்டில் இடம் இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பழைய மின்விசிறிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் யாரோ ஒருவர் வீட்டுக் கூடம் தரையில் பரப்பிக் கிடக்கும்.

என் அப்பாவின் ஈஸி சேரை நான் கொடுத்தது 400 ரூபாய்க்கு. கை நீளமான தேக்கு நாற்காலி. மூட்டைப்பூச்சி என்று சாக்குச் சொன்னேன். மருந்து அடித்து நாலு நாள் வெயிலில் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

எனவே, கொடுக்கும் முன் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். மூட்டுகளில் ஆணி இல்லாமல், ஒரு கட்டையின் கழுந்து இன்னொன்றின் துளைக்குள் போயிருக்கிறதா? இழுப்பறை மூலைகள் விரல் கோத்ததுபோல் இணைந்திருக்கின்றனவா? திருகாணித் தலையில் ஒற்றைக் கோடா, நட்சத்திரமா? ஒற்றைக் கோடு என்றால் பெரும்பாலும் பழையது. அடிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பெயிண்டுக்கும் சன்மைக்காவுக்கும் அடியில் தேக்கின் வாசம் வரலாம். எண்ணோ முத்திரையோ இருந்தால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் ஒயரை எடுத்துவிட்டுப் பிரம்பு பின்ன இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள், கூலி புது நாற்காலி விலையைவிடக் குறைவு. கரையான் அரித்துச் சோறானதைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள்; எல்லாப் பழையதும் நல்லது இல்லை.

பி பிளாக் தண்ணீர் மோட்டார் அறைக்கு வெளியே, கிழிந்த ஃப்ளெக்ஸ் மூடி ஒரு நாற்காலி கிடக்கிறது. கை தேக்கு, இருக்கையில் பச்சை ஒயர், அடியில் வெள்ளை பெயிண்டில் ஒரு எண். மூன்று பேரிடம் கேட்டேன், தங்களுடையது இல்லை என்றார்கள். யாருடையது என்றாலும் 30ஆம் தேதிக்குள் செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள். அதுவரை அது என் கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும்.