திறந்த மடலில் மறைபொருள்

காதல் மடலில் மறைகுறி வைக்கும் வழக்கம் அஞ்சல் துறையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கற்கத்தக்க 64 கலைகளுள் ஒன்றாக மறையெழுத்தையும் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் சேர்க்கிறது. எழுத்துகளை இணை சேர்த்து, ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதும் 'மூலதேவீயம்' அந்நூலின் உரை விளக்கும் முறைகளுள் ஒன்று.

தமிழ் அகமரபு எழுத்தை மாற்றவில்லை, பொருளை மறைத்தது. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பதை அறிந்த தோழி, தலைவியிடம் பேசுவதுபோல் அவனுக்குச் செய்தி சொல்வாள். இதைச் 'சிறைப்புறம்' என்பர். பூவையும் பறவையையும் பாடிக்கொண்டே மனத்திலுள்ளதை உணர்த்துவது தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமம்.

இம்மரபின் மிகச் சிறந்த மடல் சிலப்பதிகாரத்தில் உள்ளது. தன்னைப் பிரிந்த கோவலனுக்கு மாதவி முதலில் தாழம்பூவின் வெள்ளிதழில், பித்திகை மொட்டைச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதினாள். கோவலன் அதை ஏற்கவில்லை. இரண்டாம் ஓலையைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரை வழியில் கொண்டுவந்து கொடுத்தான். ஓலையை மூடிய மண் இலச்சினையில் அவள் கூந்தல் பதிந்திருந்தது. அதிலிருந்த நெய்வாசமே அனுப்பியவர் யாரென்று கோவலனுக்கு உணர்த்திவிட்டது. உள்ளே இருந்த பணிவான சொற்களோ அவன் தன் பெற்றோருக்கு எழுத வேண்டியதற்கும் அப்படியே பொருந்தின. அதே ஓலையை அவர்களுக்கு அனுப்பிவைத்தான். காதலியின் மடலைப் பெற்றோர் படித்தாலும் குற்றம் காண இடமில்லை.

யாரும் படிக்கக்கூடிய திறந்த மடலான அஞ்சல் அட்டை இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று காலணா விலையில் வந்தது. ஐரோப்பாவில் அந்நாளில் அஞ்சல்தலையைச் சாய்த்தும் தலைகீழாகவும் ஒட்டிக் காதலைத் தெரிவிக்கும் வழக்கம் பரவியது. அதற்கான விளக்கங்களை அச்சிட்ட அட்டைகளும் விற்றன. ஆனால் அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்திய அட்டையிலோ அஞ்சல்தலை முன்பே அச்சாகியிருந்தது. அதைச் சாய்க்க வழியில்லை.

பண்ருட்டிப் பக்கத்துக் காடாம்புலியூர் போன்ற ஊர்களில் அன்று அட்டை பல கண்களைக் கடந்துதான் உரியவர் கைக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே படித்தும் காட்டுவார். ஊரறிந்த குறிகளும் அட்டையில் உண்டு: மூலையில் மஞ்சள் தடவினால் மங்கலச் செய்தி, ஓரத்தில் கறுப்புப் பூசினால் இழவுச் செய்தி. இவற்றுக்கு நடுவே காதலர் தோழியின் பெயரில் கையெழுத்திடுவது, 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி மழையும் அறுவடையும் விசாரிப்பதுபோல் நாளையும் இடத்தையும் குறிப்பது என்ற வழிகளையே நாட முடிந்தது.

எழுத்தை மாற்றிய மறைமொழியைப் பிறர் உடைத்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டு லண்டன் நாளிதழ்களில் காதலர் வெளியிட்ட மறையெழுத்து விளம்பரங்களை அறிவியலாளர்களான சார்லஸ் வீட்ஸ்டனும் லையன் பிளேஃபேரும் பொழுதுபோக்காகவே அவிழ்த்தனர். காதலர் இருவரின் நினைவில் மட்டும் இருந்த குறிக்கு அந்த ஆபத்தில்லை. ஆனால் அவர்களோடு அதன் திறவுகோலும் போய்விடுகிறது. பழைய அட்டைகளில் சாதாரண நலவிசாரிப்பையும் காதல் செய்தியையும் இன்று பிரித்தறிய முடியாததற்குக் காரணம் இதுவே.