"மேலும் பலர் காயம்"

2011 செப்டம்பர் 11 அன்று, தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவிடத்துக்கு மக்கள் வந்துகொண்டிருந்தபோது, பரமக்குடியில் காவல்துறை சுட்டு 6 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் படங்களை ஆண்டுதோறும் சுவரொட்டியில் அச்சிடுகிறோம். கையிலும் காலிலும் குண்டு வாங்கியவர்களோ செய்தியில் "மேலும் பலர் காயம்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோனார்கள்.

துப்பாக்கியைத் தாழ்த்திக் குறிவைக்க வேண்டும் என்பது காவல்துறை விதி. அதைக் கருணை என்று சொல்பவர்கள் எலும்பு முறிவு வார்டைப் பார்த்ததில்லை. வேகமாக வரும் குண்டு தொடை எலும்பைச் சில்லுசில்லாக்கும். வேட்டித் துணியையும் தெருமண்ணையும் தசைக்குள் இழுத்துச் செல்லும். செத்த தசையைப் பலமுறை வெட்டி எடுக்க வேண்டும். வெளியே கம்பி பூட்டி மாதக்கணக்கில் படுக்க வேண்டும். சீழ் வைத்தால் காலையே எடுப்பார்கள். அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் காசில்லை, உண்மைதான். துணைக்கு இருப்பவரின் கூலி? மதுரைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம்? நாற்று நடவும் மூட்டை தூக்கவும் முடியாத கால்?

இந்தச் செலவுகள் சட்டத்துக்குத் தெரியாதவை அல்ல. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, பதினோராம் விதியைப் படியுங்கள். மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, இரத்தம், மாற்றுத்துணி, சாப்பாடு, பழம் வரை எழுதியிருக்கிறது. 2016 திருத்தத்தின்படி 100 விழுக்காடு ஊனத்துக்கு 8.25 லட்சம், 50க்கு மேல் 4.5 லட்சம், அதற்குக் கீழ் 2.5 லட்சம். ஆனால் இவையெல்லாம் வன்கொடுமை வழக்கு பதிவானால்தான். காவல்துறை சுடும்போது வழக்கு சுட்டவர் மீது அல்ல, கூட்டத்தின் மீது பதிவாகிறது. காயம்பட்டவர் ஒரே நாளில் குற்றவாளி ஆகிறார். குண்டுக்காயம் அவருக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிடுவதால், மருத்துவமனைக்குப் போகவே அஞ்சுகிறார்.

1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் சிகிச்சை தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கு இன்னும் முக்கியமானது. ரயிலிலிருந்து விழுந்த ஒரு கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. தனியாரிடம் அவர் ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவழித்தார். 25,000 இழப்பீடு தரச் சொன்ன நீதிமன்றம், பணமில்லை என்று அரசு தப்ப முடியாது என்றும் சொன்னது.

2018 மே 22 தூத்துக்குடிச் சூட்டுக்குப் பிறகு, இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று தொடங்கி 20 லட்சமாக உயர்த்தினார்கள். பலத்த காயத்துக்கு 3 லட்சம் 5 லட்சமானது. லேசான காயத்துக்கு ஒன்றரை லட்சம். அந்த அறிவிப்பில் காயத்துக்கு இரண்டே வகைதான். எலும்பு கூடிய காலும் வெட்டி எடுத்த காலும் 'பலத்த காயம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தன.

வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும் மாணவர்கள் சூடு நடந்த நாளோடு நிறுத்தாமல், டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் அடகுச் சீட்டையும் கேட்டு வாங்கிப் படியெடுத்து வாருங்கள்.