ஏடா பிளாக்ஜாக்: துருவத்துக்குப் போன தையற்காரி

தன்னந்தனியாகத் தென் துருவத்தை அடைந்த முதல் பெண் யார் என்று தேடினால் நார்வேக்காரர் லிவ் ஆர்னசன் பெயர் வரும். 1994, பனிச்சறுக்கில் 50 நாள். விரும்பி, திட்டம் போட்டு, பயிற்சி எடுத்துக்கொண்டு போன பயணம். அந்தத் தேடலில்தான் இன்னொரு பெயர் சிக்கியது. ஏடா பிளாக்ஜாக். இவர் தனியாகப் போகவில்லை. தனிமைதான் இவர் தலையில் வந்து விழுந்தது.

1898இல் அலாஸ்காவில் பிறந்த இன்யூபியட் பெண். மிஷன் பள்ளியில் வளர்ந்ததால் படிப்பும் தையலும் தெரியும், வேட்டை தெரியாது. பனிக்கரடி என்றாலே நடுக்கம். கணவர் கைவிட்டுப் போய்விட்டார். ஒரே மகன் பென்னட்டுக்குக் காசநோய், வைத்தியத்துக்குக் காசில்லை. பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு வேலை தேடினார்.

1921இல் ஸ்டெஃபான்சன் என்கிற துருவ ஆய்வாளர், சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ராங்கல் தீவைப் பிரிட்டனுக்குச் சொந்தமாக்க நான்கு இளைஞர்களை அனுப்பினார். அவர் போகவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். தோல் உடுப்பு தைக்க ஏடா, மாதச் சம்பளம் 50 டாலர். கையில் ஆறு மாதத்துக்கான சாப்பாடு. மிச்சத்தை வேட்டையாடிக்கலாம் என்பது கணக்கு.

கணக்கு பொய்த்தது. 1922இல் கிளம்பிய கப்பலைப் பனிக்கட்டி மறித்துவிட்டது. 1923 ஜனவரியில் மூன்று பேர் உதவி தேடி உறைந்த கடல்மேல் சைபீரியாவை நோக்கி நடந்தார்கள். திரும்பவே இல்லை. மிஞ்சியவர் லோர்ன் நைட், ஸ்கர்வி வந்து படுத்த படுக்கை. ஏடாதான் விறகு வெட்டி, பொறி வைத்து நரி பிடித்து, அவருக்கும் ஊட்டினார். பதிலுக்குக் கிடைத்தது பெரும்பாலும் திட்டுதான். ஜூனில் நைட்டும் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் ஏடாவும் விக் என்கிற பூனையும் மட்டும்தான், ஏறக்குறைய எட்டு வாரம். பயந்தவர் பயத்தோடேயே சுடப் பழகினார். கரடி வருவதைத் தூரத்திலேயே பார்க்க மேடை கட்டினார். பறவை, சீல் வேட்டையாடினார், தோலில் படகு செய்தார். நாட்குறிப்பும் எழுதினார். ஆகஸ்ட் 20 வாக்கில் மீட்புக் கப்பல் வந்தபோது, உயிரோடு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

பத்திரிகைகள் 'பெண் ராபின்சன் குரூசோ' என்று கொண்டாடின. அவர் செய்த முதல் காரியம், சம்பளத்தை வாங்கிக்கொண்டு மகனை சியாட்டிலுக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனது. அவர் கதையை வைத்து மற்றவர்கள் புத்தகம் போட்டார்கள். அவரோ வறுமையிலேயே உழன்றார். 1983இல், 85 வயதில் காலமானார்.

துருவச் சாதனைப் பட்டியல்களில் ஏடாவுக்கு வரிசை எண் கிடையாது. எந்தத் துருவத்தையும் அவர் தொடவில்லையே! நான் மட்டும் என் நோட்டில் ஆர்னசனுக்கு மேலே அவர் பெயரை எழுதி வைத்துக்கொண்டேன்.