வியூஃபைண்டர் குவியப் பிழை

கைமுறையாகக் குவியம் அமைக்கும் ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்பு ஃபிலிம் கேமராவில், வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரியும் காட்சி ஃபிலிமில் மங்கலாகப் பதிவாவது வியூஃபைண்டர் குவியப் பிழை எனப்படும். லென்ஸிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தொலைவும், சாய்ந்த ஆடியில் பட்டுத் திரும்பிப் பிம்பம் விழும் தகடான குவியத் திரை வரையுள்ள தொலைவும் சமமாக இருக்கவேண்டுமாதலால், ஆடி தன் நிலை பிறழ்ந்தாலோ, திரை தவறாகப் பொருத்தப்பட்டாலோ இப்பிழை நேரும். ஃபிலிம் இல்லாத கேமராவின் ஷட்டரைத் திறந்து நிறுத்தி, ஃபிலிம் தளத்தில் சொரசொரப்பான கண்ணாடியை வைத்து இரு பிம்பங்களையும் ஒப்பிட்டால் இது புலப்படும். படம் தெளிவாக இருந்து காட்சி மட்டும் மங்கினால், கண்வில்லையின் பார்வைத்திறன் திருத்தம் பார்ப்பவரின் கண்ணுக்குப் பொருந்தாததே பெரும்பாலும் காரணமாகும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாறு போன்ற ஈரக்காட்டுப் பகுதிகளில் லென்ஸில் படரும் பூஞ்சை, காட்சி, படம் இரண்டையுமே மங்கச்செய்யும். சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது இதைத் தடுக்க உதவும்.