சன்பூசக்கும் குழம்புத் தூளும்: கரீபியன் கடலில் ஓர் உணவின் வரலாறு

ஜமைக்காத் தீவின் மக்கள் எந்த நாட்டில் குடியேறினாலும் தம்முடன் கொண்டு செல்லும் உணவு ஒன்றுண்டு. மஞ்சள் நிற மாவைப் பிறை வடிவில் மடித்து, உள்ளே மசாலா சேர்த்த கொத்துக்கறியை வைத்து, அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம் அது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதினால் நேர்காணல் என்றோ மூதாட்டி என்றோ பொருள்பட்டுவிடும். இலங்கைத் தமிழர், தம் ஊரில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் அதே வகைப் பண்டத்தைப் பற்றிஸ் என அழைக்கின்றனர். இக்கட்டுரையிலும் அப்பெயரையே வழங்குவோம்.

இப்பண்டத்தின் மீது அம்மக்கள் கொண்டுள்ள பற்று சிறிதன்று. 1985ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில், அந்நாட்டு இறைச்சிச் சட்டத்தின்படி மாவுறையுள்ள எதற்கும் இப்பெயரைச் சூட்டி விற்கக்கூடாது என அதிகாரிகள் வணிகர்களுக்கு அறிவித்தனர். வணிகர்கள் பணியவில்லை. செய்தி நாடெங்கும் பரவிப் பேச்சுவார்த்தை வரை சென்றது. இறுதியில் 'ஜமைக்கா' என்னும் அடைமொழியுடன் விற்கலாம் என்று இணக்கம் ஏற்பட்டது.

இப்பண்டத்தின் தோற்றம் பற்றி வழக்கமாகக் கூறப்படுவது இது: உறை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தது, மஞ்சளும் மசாலாவும் இந்தியக் கூலித் தொழிலாளரிடமிருந்து வந்தன, காரம் அத்தீவின் மண்ணுக்கே உரியது. இக்கூற்றில் பிழையில்லை. ஆயினும் அது பாதி வரலாறே. இறைச்சியை மாவுக்குள் மடிக்கும் கலைக்கு முஸ்லிம் உலகில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மசாலாவைக் கொண்டு சென்ற கப்பல்களுள் பல புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் புறப்பட்டவை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அப்பண்டம் நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பது விளங்கும்.

பாரசீக மொழியில் வேர்கொண்ட சன்பூசக் என்னும் சொல் அரபு மொழியில் சன்பூசஜ் என வழங்கிற்று. அப்பாசியர் காலத்து இசைமேதை இஸ்ஹாக் அல்மவ்ஸிலி இப்பண்டத்தின் சுவையையும் செய்முறையையும் புகழ்ந்து கவிதை இயற்றினார். அவர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின் கலீஃபா முஸ்தக்ஃபியின் விருந்தவையில் அது பாடப்பட்டதை வரலாற்றாசிரியர் மஸ்ஊதி பதிவு செய்துள்ளார். கி.பி. 1226இல் (ஹிஜ்ரி 623) பாக்தாதில் முஹம்மது பின் ஹஸன் எழுதிய 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலில் செய்முறை தெளிவாகவே உள்ளது. கொத்திய இறைச்சியில் மல்லி, சீரகம், மிளகு, பட்டை, புதினா ஆகியவற்றைச் சேர்த்து, மெல்லிய ரொட்டியை நாடாவாக நறுக்கி, முக்கோணமாக மடித்து, ஓரத்தை மாவுப்பசையால் ஒட்டி, நல்லெண்ணெயில் பொரிக்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். ரமளான் மாலைகளில் நோன்புக் கஞ்சியுடன் உண்பதற்காக நம் வீடுகளில் பெண்கள் ஏட்டை மடித்து மைதாப் பசை தடவி ஒட்டும் கறிச் சம்சாவுக்கும் இதற்கும் எண்ணூறு ஆண்டு இடைவெளி உண்டென்று யாரும் சொல்லமாட்டார்.

பாக்தாதிலிருந்து இப்பண்டம் இரு திசைகளில் பயணம் செய்தது. கிழக்கே வந்த பாதை நாம் நன்கறிந்தது. பதினான்காம் நூற்றாண்டில் தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் அவைக்கு வந்த இப்னு பதூதா, பாதாம், பிஸ்தா, வெங்காயம் கலந்த கொத்துக்கறியை மெல்லிய மாவில் பொதிந்து நெய்யில் பொரித்த சமூசக் விருந்தில் பரிமாறப்பட்டதை எழுதி வைத்தார். மாளவத்தின் மாண்டு நகரில் கியாதுத்தீன் ஷாவுக்காக 1500ஐ ஒட்டி உருவான 'நிஃமத் நாமா'வில் சமோசா வகைகள் பல இடம்பெற்றுள்ளன.

மேற்கே சென்ற பாதை அந்தலூஸை அடைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு அந்தலூஸியச் சமையல் நூலிலும் சன்பூசக் இடம்பெறுகிறது. ஸ்பானியரின் எம்பனாடா என்னும் பண்டத்திற்கு இதுவே மூலம் என்பாரும் உளர். ஐரோப்பாவிலேயே தனித்துத் தோன்றியது என்பாரும் உளர். அடுத்தடுத்து வாழ்ந்த இரு சமூகங்களின் அடுக்களைகள் எழுநூறு ஆண்டுகள் ஒன்றையொன்று பாராமல் இருந்திருக்கும் என நம்புவது கடினம் என்பதே என் கருத்து. கிரனாடா வீழ்ந்த 1492ஆம் ஆண்டிலேயே கொலம்பஸின் கப்பல்கள் மேற்கு நோக்கிச் சென்றன. அடுத்த ஆண்டில் அவர் மேற்கொண்ட இரண்டாம் பயணத்தில் கோதுமையும் கால்நடையும் கரீபியன் கரையில் இறங்கின. புவேர்ட்டோ ரிக்கோவில் இன்றும் இறைச்சி பொதிந்த பிறை வடிவப் பண்டம் ஸ்பானியப் பெயருடன் விற்கப்படுகிறது. ஜமைக்காவும் 1655இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை ஸ்பானியரிடமே இருந்தது. ஆகவே அத்தீவில் கார்ன்வால் பண்டம் வந்திறங்கியபோது அங்கே மாவில் இறைச்சி மடிக்கும் வழக்கம் முற்றிலும் புதிதாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இனி மசாலாவின் பயணம். ஜமைக்காவுக்கு முதல் இந்தியத் தொழிலாளர் 1845 மே மாதம் கப்பலில் வந்திறங்கினர். அவர்களுக்குப் பின் 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் வந்தனர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னையிலிருந்து சென்றோர் சிறு தொகையினரே. பிரெஞ்சுத் தீவுகளின் நிலை வேறு. அங்கே தமிழகமே முதன்மை ஊற்று.

1848இல் பிரெஞ்சு ஆட்சி அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற மக்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு அகன்றனர். தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவிலிருந்த தம் நாட்டு ஆட்சிப் பகுதிகள் மீது விழுந்தது. 1853 மே 6ஆம் நாள் 'ஒரேலி' என்னும் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்டோருடன் மார்த்தினிக் தீவின் சென்பியேர் துறையை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் இறுதியில் குவாதலூப் தீவுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் அப்பயணம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. 1880களில் இக்குடியேற்றம் முடிவதற்குள் மார்த்தினிக்கிற்கு 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000 பேரும் சென்றிருந்தனர். 1861க்குப் பின் பிரிட்டிஷ் பகுதிகளிலும் ஆள் சேர்க்க ஒப்பந்தம் ஏற்பட்டதால் தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டத்து மக்களும் இவ்விரு துறைமுகங்களை நோக்கி வந்தனர்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. அது முடிந்தபின் திரும்பக் கப்பல் உண்டு என்பது எழுத்து. திரும்பியவர்கள் ஒரு பகுதியினரே. கரும்புக் காட்டிலேயே மாண்டோர் பல்லாயிரவர். தங்கியோரின் பிள்ளைகள் அம்மண்ணில் பிறந்தும் குடிமக்களாகக் கருதப்படவில்லை. குவாதலூப்பில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார் 1904இல் தொடங்கி 1923 வரை பத்தொன்பது ஆண்டுகள் போராடிய பின்னரே வாக்குரிமை கிட்டியது. அதற்குள் தமிழ் பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. சிதம்பரம் 'சிதாம்பரோம்' ஆனது. முத்துசாமி 'முத்துசமி' ஆனது.

மொழி போனபின்னும் அடுக்களையில் சில சொற்கள் தங்கிவிட்டன. கறிவேப்பிலை அங்கே 'கலூப்பிலே', பாகற்காய் 'பரோக்கா'. இரு தீவுகளின் பொது உணவாகவே ஆகிவிட்ட இறைச்சிக் குழம்புக்கும் அதற்குரிய தூளுக்கும் 'கொலொம்போ' என்று பெயர். இலங்கைத் தலைநகரின் பெயரால் வந்தது என்று பலர் எழுதுகின்றனர். நம் காதுக்கு அது 'குழம்பு' என்றே ஒலிக்கிறது. அறிஞர் சிலரும் அவ்வாறே கருதுகின்றனர். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு ஆகியவற்றுடன் வறுத்த அரிசியையும் சேர்த்து இடிக்கின்றனர். அரிசியை வறுத்துப் பொடியில் சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்கும் வழக்கம் எந்த ஊரினது என்பதைத் தமிழ்ப் பெண்களிடம் விளக்க வேண்டியதில்லை.

அக்கப்பல்களில் முஸ்லிம்களும் சிறுபான்மையினராக இருந்தனர். சமூகமாக அவர்கள் நிலைக்கவில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் ஒன்று வியப்பூட்டுவது. இரு தீவுகளிலும் தமிழ் வழிவந்த இந்துக்கள் தம் மாரியம்மன் கோயில் முற்றத்தில் கொடிமரம் நாட்டி 'நாகூர் மீரா'வை நினைவுகூர்கின்றனர். நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களே அப்பெயருக்கு உரியவர் என்பது வெளிப்படை. கடற்பயணிகளின் காவலராக அவர்களை மதித்த சோழமண்டலக் கரை மக்கள் அந்நினைவைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். இச்சடங்கு சரியா என்ற மார்க்க விவாதத்துக்குள் நாம் புகவேண்டியதில்லை. அச்சம் மிகுந்த மூன்று மாதக் கடலில் இருவேறு சமயத்தார் ஒரே பெயரைச் சொல்லித் தேறுதல் பெற்றனர் என்பதற்கு அக்கொடிமரம் சாட்சி.

முஸ்லிம் சமூகம் அங்கே கரைந்துபோனதன் விளைவை உணவிலும் காணலாம். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் கிறிஸ்துமஸ் நாளில் செய்யும் சிறிய இறைச்சிப் பண்டத்தில் பன்றி இறைச்சியே வழக்கமாக வைக்கப்படுகிறது. சன்பூசக்கின் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க ஒரு பண்டம் இப்படியும் மாறக்கூடும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. புதுச்சேரி வீடுகளில் வியத்நாமியச் சுருள் பண்டமான சாயோவை இன்றும் செய்கின்றனர். சைகோனில் வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்தது அது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் வணிகரும் அந்நகரில் துணிக்கடையும் நாணயமாற்றுக் கடையும் நடத்தினர். 1935இல் அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நகர நடுவே உள்ளது. சைகோன் சென்றோரின் உணவு ஊர் திரும்பியது. மார்த்தினிக் சென்றோரின் உணவு ஏன் திரும்பவில்லை? சைகோனுக்குச் சென்றவர் வணிகராகவும் அலுவலராகவும் படைவீரராகவும் சென்றனர். விடுமுறைக்கு ஊர் வந்தனர், மணம் முடிக்க வந்தனர், கடிதம் எழுதினர். கரும்புத் தோட்டத்திற்குச் சென்றவர் கட்டைவிரல் ஒப்பமிட்டுச் சென்றனர். திரும்பியவரும் நோயுடனும் வறுமையுடனும் வந்திறங்கினர். அயல்நாட்டுப் பண்டம் செய்து அண்டை வீட்டாருக்குக் கொடுத்துப் பெருமை கொள்ளும் நிலை அவர்களுக்கு எங்கே வாய்த்தது? முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் சாயோவை அறிந்தவர் உண்டு. கொலொம்போத் தூளை அறிந்தவரை நான் கண்டதில்லை.

திரும்பி வராத அப்பண்டத்தை நாமே வீட்டில் செய்துகொள்வதற்குத் தடையொன்றுமில்லை. அரைக் கிலோ மைதாவில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ள வேண்டும். ஜமைக்காவில் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். ஹலால் கறிக்கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். இல்லையேல் வெண்ணெய் போதும். 200 கிராம் கொழுப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் நன்கு இறுகவிட்டுத் துருவி, மாவில் விரல்நுனியால் உதிர்க்க வேண்டும். கொழுப்பு உருகிவிடக்கூடாது. அது துணுக்குகளாக மாவுக்குள் இருந்து, சுடும்போது உருகி ஆவிக்கு வழிவிட்டால்தான் உறை ஏடேடாகப் பிரியும். புதுச்சேரியின் சித்திரை வெயிலில் இதைப் பகலில் செய்ய முற்படுவது வீண். விடியற்காலையில், ஐஸ் நீர் சிறிது சிறிதாகத் தெளித்து, பரோட்டா மாவைப் போல் அடித்துப் பிசையாமல், திரட்டி மட்டும் வைத்து ஒரு மணி நேரம் குளிரவிடுக.

பூரணத்திற்கு அரைக் கிலோ கொத்துக்கறி, வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு, பச்சை மிளகாய். மசாலாவுக்குக் கொலொம்போ முறைப்படி வறுத்த தூள் இரண்டு தேக்கரண்டி. ஜமைக்காவில் சேர்க்கும் தைம் என்னும் மூலிகை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதன் மணத்திற்குக் காரணமான தைமால் என்னும் பொருள் நம் ஓமத்திலும் இருப்பதால் இரு சிட்டிகை ஓமம் ஈடுசெய்யும். அத்தீவுக்கே உரிய பிமென்டோக் காய்க்கு மாற்றாகக் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சிறிதளவு. கறி வெந்தபின் கையளவு ரொட்டித்தூள் தூவி, சாறு உறிஞ்சப்படும் வரை கிளற வேண்டும். பூரணம் முற்றிலும் ஆறாமல் மாவில் வைத்தால் உறை அடுப்பேறும் முன்பே நெகிழ்ந்து கிழிந்துவிடும். மாவை இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் விரித்து, சிறு தட்டின் அளவில் வட்டமாக வெட்டி, பூரணம் வைத்துப் பாதியாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, 200 டிகிரி சூட்டில் ஓவனில் அரைமணி நேரம் சுட்டால் பன்னிரண்டு பற்றிஸ் கிடைக்கும். சுடாமல் உறைய வைத்தால் பல நாள் கெடாது. ஷஅபான் இறுதியிலேயே செய்து வைத்துக்கொண்டால் நோன்பு நாளில் அஸருக்குப் பின் எடுத்து நேராக ஓவனில் வைக்கலாம். அரைமணி நேரத்தினும் சற்றுக் கூடுதலாகும்.