தமிழ் நிலம்

தமிழ்நாடு வருவாய்த் துறையின் நில ஆவணங்களை இணையவழியில் பராமரிக்கும் மென்பொருள். பதிவுத் துறையின் ஸ்டார் மென்பொருளோடு இணைந்து இயங்குகிறது. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

கணக்குகளின் வரலாறு: அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டிய ரயத்துவாரி கிராமங்களுக்குப் புல எண்ணும் பட்டாவும் வெள்ளையர் காலத்திலேயே வந்துவிட்டன. ஜமீன் கிராமங்களின் கதை வேறு. ஒட்டப்பிடாரம் வட்டத்து மணியாச்சி, பாளையமாக இருந்து ஜமீன் ஆனது. இத்தகைய கரிசல் ஊர்களில் ஜமீனுக்குத் தீர்வை கட்டிய குடிகள், 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் நேரடிப் பட்டாதாரர் ஆயினர். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தன. மூட்டை மூட்டையாகக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலர் கைக்கு மாறின. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. கணினியில் ஏறியது அந்தப் பதிவேடுதான். இன்றைய பெயர்ப் பிழைகளுக்கு மூலமும் அதுவே.

சிட்டா, கிராமக் கணக்கு எண் 10(1). அடங்கல், எண் 2. எந்தப் புலத்தில் என்ன வெள்ளாமை என்பதைப் பசலிவாரியாகச் சொல்வது. பசலி என்னும் வருவாய் ஆண்டு ஜூலையில் பிறக்கும். 2025 ஜூலையில் பிறந்தது 1435. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக்காரருக்குப் பட்டாவைவிட அடங்கலே அவசரம்; பயிர்க் காப்பீட்டுக்கு அதைத்தான் கேட்பார்கள்.

இணைப்பு முறை: வட்ட அலுவலகங்களில் தனித்தனிக் கணினிகளில் கிடந்த தரவு பின்னர் பொது வழங்கிக்கு மாறியது. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றதால் எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது. 2000-இல் தொடங்கிய ஸ்டார், 2018-இல் ஸ்டார் 2.0 ஆகி இணையத்துக்கு வந்தது. கிரயம் பதிவானதும் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவை தமிழ் நிலத்துக்குப் போகும். முழுப் புலமும் விற்கப்பட்டு, விற்றவர் பெயரும் பட்டாவோடு ஒத்தால் பட்டா தானாக மாறும். ஓரிடத்தில் மாடசாமி, மற்றோரிடத்தில் மாடச்சாமி என்றிருந்தால் கணினிக்கு இருவர். பட்டா மாறுதல் மனு தாலுகா ஆபீசுக்குத் திரும்பும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் சங்கிலியோடு வந்தாக வேண்டும்.

தற்போது: பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். பட்டா நகலில் விரைவுக் குறியீடு உண்டு. 2024-இல் கைபேசிச் செயலி வழியே பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது.